முப்பது நாள் போதும்

மருதப்பன் சட்டமன்றத்தில் பேசியதிலேயே சிறந்த பேச்சு எது என்று கேட்டால், கட்சிக்காரர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் அறுபத்திரண்டாம் ஆண்டு செப்டம்பரில் பேசியதைத்தான் சொல்வார்கள். ஆங்கிலம் அன்றைக்கு அவன் நாக்கில் அப்படி விளையாடியதாம். மேசையைத் தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டதாம். தன் மற்ற பேச்சுகளையெல்லாம் பைண்டு போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த மனிதன், அந்த ஒரு பேச்சு அச்சான தாளை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை.

ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் போய் அவன் இவன் என்று சொல்லலாமா, ஓர் 'அவர்' போட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்பீர்கள். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

அவன் பிறந்தது ஜாலான் புசார் என்று மலாய்ப் பெயர் கொண்ட ரோட்டுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி இருந்த கூலி லைனில். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம், நாற்பது அறைகள், கோடியில் இரண்டு தண்ணீர்க் குழாய். சாக்கடை வெட்டுகிறவர்களும் குப்பை அள்ளுகிறவர்களும் ரோடு போடுகிறவர்களும் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். ஆனால் அறை என்பது ஆளுக்கு இல்லை, வேலைக்கு. வேலைக்காரன் செத்துப்போனால் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முப்பது நாளுக்குள் அறையைக் காலி செய்து, சாவியை லைனை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொடுத்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வெள்ளைக்காரன் பெட்டி கட்டிய பிறகும் சட்டம் மட்டும் போகவில்லை.

மருதப்பனுக்கு ஒன்பது வயதில் அப்பா செத்தார். முப்பதாம் நாள் அவன் அம்மா பாயைச் சுருட்டி, பானை சட்டியைச் சாக்கில் கட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள். பக்கத்து அறை முத்தாயிக்கு அப்போது பதினெட்டு வயது. சடையாண்டியைக் கல்யாணம் கட்டி இரண்டே மாதம். அவள் வெளியே வந்து, சாக்கைத் தூக்கி உள்ளே வைத்து, ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அறையை இரண்டாக்கினாள். ஒரு பக்கம் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும், மறுபக்கம் இவர்கள். ஆறு வாரம். மண்டோர் சுற்றி வரும்போதெல்லாம் அம்மா குழாயடிக்கு நழுவிவிடுவாள். பையன் கட்டிலுக்கு அடியில். “மூச்சு விடாத தம்பி” என்று சொல்லிவிட்டு முத்தாயி முன்னால் பானைகளை அடுக்குவாள். தெரிந்திருந்தால் சடையாண்டிக்கு வேலையும் போயிருக்கும், அறையும் போயிருக்கும். ஆறு வாரம் கழித்து அம்மாவுக்கு ஆபீசில் கணக்கு எழுதும் ஒரு கிராணி வீட்டில் தங்கிச் சமைக்கிற வேலை கிடைத்தது. அந்தக் கிராணிதான் பையனை ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

ஐம்பத்தொன்பதில் தேர்தல் வந்தது. தொழிற்சங்கத்தில் பெயர் எடுத்திருந்த மருதப்பனை அந்தத் தொகுதிக்கே கட்சி நிறுத்தியது. லைனுக்கு எதிரே லாரி மேல் ஏறி நின்று அவன் இந்தக் கதையைத்தான் சொன்னான். கட்டிலுக்கு அடியில் கிடந்ததைச் சொல்லும்போது ஆண்களே மூக்கைச் சிந்தினார்கள். நான் உள்ளே போனால் இந்த முப்பது நாளைத்தான் முதலில் ஒழிப்பேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தான்.

முத்தாயி அப்போது லைனில் தனி ஆட்களாக இருந்தவர்களுக்குச் சமைத்துத் தூக்குச் சட்டியில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கதவு விடாமல் தட்டி ஓட்டுக் கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எந்தப் படத்துக்கு நேரே கோடு போடுவது என்று குழப்பம் வரக்கூடாதே என்று, ஓட்டுப்பதிவு அன்று காலை ஒவ்வொரு தூக்கிலும் மூன்று வடை வைத்தாள். வழக்கமாக ஒன்றுதான். மூன்றாவது படம், மறந்தால் வடையை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். சட்டப்படி பார்த்தால் அவளை உள்ளே தள்ளியிருக்கலாம். லைன் மொத்தமும் மூன்றாவது படத்துக்கே போட்டது. மருதப்பன் ஜெயித்தான்.

மூன்று வருடம் அவன் ஒன்றும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேக்காவில் கட்சி ஆபீசில் உட்கார்ந்தால் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். குடியுரிமைப் பத்திரத்துக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று கை ஓயக் கடிதம் எழுதினான். லைனுக்கு இரண்டு விளக்குக் கம்பமும் நான்கு குழாயும் வந்தன. முப்பது நாளைப் பற்றி மட்டும் மந்திரியிடம் கேட்பான். பார்க்கலாம் என்பார் மந்திரி. பார்க்கலாம் என்று லைனில் வந்து சொல்வான்.

கடைசியில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். தொழிலாளியின் விதவைக்கு அரசாங்க அடுக்குமாடியில் வீடு கிடைக்கிறவரை அறையைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மருதப்பன் லாரி மேல் நின்று கேட்டதே அதுதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் எதிரியின் பெயரில் வந்துவிட்டது. தோற்கடிக்க வேண்டும் என்று கட்சி முடிவு செய்தது. அதற்குமேல், பதில் சொல்ல லைனில் பிறந்த ஆளே எழுந்தால் எடுபடும் என்று கட்சிக் கொறடா அவன் தோளில் கை போட்டார். மந்திரிக்கு அடுத்த படியில் ஒரு பதவி காலியாக இருப்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

எப்படியும் தோற்கப்போகிற தீர்மானம்தானே, யார் பேசினால் என்ன, அடுத்த வருடம் நாமே கொண்டுவந்துவிடலாம் என்று மருதப்பன் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். இரண்டு நாள் உட்கார்ந்து பேச்சை எழுதினான். நன்றாகவே எழுதினான், பாவி.

தீர்மானம் வருகிற செய்தியைக் காதர் மைதீன் மளிகைக்கடையில் யாரோ பேப்பரில் படித்துச் சொன்னார்கள். தம்பி பேசத்தானே போகிறது, ஒருவராவது போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும் என்று லைன் முடிவு செய்தது. எல்லாருக்கும் வேலை. மத்தியானம் தூக்கு அனுப்பிய பிறகு கை ஓய்கிறவள் முத்தாயிதான். அவளுக்கும் சொந்தமாகவே கவலை இருந்தது. சடையாண்டிக்கு ஒரு வருடமாக நெஞ்சு வலுவில்லை, இருமினால் ரத்தம் வந்தது. அவர் போய்விட்டால் மறுநாளிலிருந்து அவளுக்கும் முப்பது நாள்தான்.

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததை, பேச எழுந்திருப்பதற்குச் சற்று முன்னால் மருதப்பன் பார்த்தான். எழுதி வைத்திருந்த தாளைச் சட்டென்று மடித்தான். அடுத்த நொடியே நிம்மதியும் வந்தது. ஆங்கிலத்தில்தானே பேசப்போகிறோம், அக்காவுக்கு என்ன புரியப்போகிறது? நல்லா பேசினேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைப்பை நினைத்துத்தான் பிற்காலத்தில் அவன் அதிகம் கூசினான். கட்சிக்காகப் பேசினேன் என்பதற்காவது ஒரு சாக்கு இருந்தது, இதற்கு இல்லை.

“நானும் அந்த லைனில் பிறந்தவன்தான்,” என்றான் ஆங்கிலத்தில். “என் தந்தை இறந்த முப்பதாம் நாள் என் தாய் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். யார் வாசலிலும் நாங்கள் போய் நிற்கவில்லை. யாரும் எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. சொந்தக் காலில் நிற்கக் கற்றோம். முப்பது நாள் போதும் என்பதற்கு நானே சாட்சி.”

மேசைகள் அதிர்ந்தன. மருதப்பன் சந்தோஷமாக அண்ணாந்து பார்த்தான். முத்தாயியின் தலையில், மல்லிகைச் சரத்துக்கு மேலே, கறுப்பாக ஒரு காதுக்கருவி இருந்தது.

அவையில் யார் எந்த மொழியில் பேசினாலும், கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கணமே மற்ற மொழிகளில் சொல்வார்கள். காதுக்கருவியை மாட்டித் திருகைத் திருப்பினால் வேண்டிய மொழியில் கேட்கலாம். அதில் தமிழும் வேண்டும் என்று சங்கத்தில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களில் மருதப்பனும் ஒருவன். உள்ளே வந்த மூன்று வருடத்தில் அந்தக் கருவியை அவன் ஒருநாளும் காதில் வைத்ததில்லை. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அது எதற்கு? அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

பேச்சு ஒரு விநாடி தடுக்கியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கையில் இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது, கொறடா தலையாட்டிக்கொண்டிருந்தார். அவன் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தான். முத்தாயி கருவியைக் கழற்றி, பூ சிக்காமல் மெதுவாக எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டெடுப்பு முடியும்வரை அசையாமல் இருந்தாள். தீர்மானம் தோற்றது.

தாழ்வாரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் விஸ்வலிங்கம் அவனை வழிமறித்துக் கை கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலில் சுத்தமானவர்.

“இண்டைக்குத் தமிழில கேட்டது ஒரே ஒரு மனுசிதான், மிஸ்டர் மருதப்பன்,” என்றார். “ஒரு ஆள்தானே எண்டு நான் ஒரு சொல்லும் விடேல்லை. உங்கட அம்மாவைப் பற்றிச் சொன்ன இடத்தில எனக்கே அழுகை வந்திட்டுது.”

நன்றி என்று சொன்னதாகத்தான் மருதப்பனுக்கு ஞாபகம். வெளியே ஓடி வந்து பார்த்தான். முத்தாயி பஸ் ஏறிப் போயிருந்தாள்.

அதன்பின் மூன்று வாரம் அவன் லைன் பக்கமே தலைகாட்டவில்லை. மலேசியாவோடு இணைவது பற்றி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்த மாதம் அது; பத்திரிகை முழுக்க மலேசியா. தீர்மானம் தோற்றது மூன்று வரியில் வந்தது, யார் என்ன பேசினார்கள் என்பது வரவில்லை. இருந்தாலும் என்ன, கேட்கவேண்டியவள் கேட்டுவிட்டாளே. அவள் சொல்லியிருப்பாள், லைன் காறித் துப்பியிருக்கும் என்று எண்ணி எண்ணிச் சோறு இறங்காமல் கிடந்தான். அந்த நேரம் பார்த்து லைன் சங்கச் செயலாளர் குப்புமுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம், கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். செருப்பு மாலை போடத்தான் என்று மருதப்பனுக்கு உறுதியாகத் தெரிந்தது. போட்டால் வாங்கிக்கொள்வோம், அப்படியாவது கணக்குத் தீரட்டும் என்று போனான்.

லைன் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். காதர் மைதீன் கடையிலிருந்து இரண்டு பெட்டி கலர் வந்திருந்தது. குப்புமுத்து மைக்கைப் பிடித்தார்.

“நம்ம தம்பி அன்னிக்கு சட்டசபையில எப்படிப் பேசிச்சுன்னு முத்தாயிக்கா வந்து சொன்னப்ப, இங்க அழாத ஆள் இல்ல. அவங்கம்மா கதைய அங்கயும் சொல்லிச்சாம். வெள்ளைக்காரனாட்டம் இங்கிலீஷ்ல சொல்லிச்சாம். என்ன பண்றது, ஓட்டு பத்தாம போச்சு. தோத்தா என்னங்க, நமக்காக ஒரு வாயி பேசிச்சுல்ல?”

கைதட்டல் தகரக் கூரையில் மழை மாதிரி விழுந்தது. முத்தாயிதான் மாலையைக் கொண்டுவந்தாள். கனமான ரோஜா மாலை. “குனி தம்பி” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. அவன் குனிந்தான். அவள் கண் அவன் முகத்துக்கு வரவில்லை, மாலை நேராக விழுகிறதா என்று மட்டும் பார்த்தது. மருதப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சடையாண்டியைப் பார்க்கிற சாக்கில் அவள் அறைக்குள் போனான். கட்டிலில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதே கட்டில். முத்தாயி கலர் போத்தல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை அக்கா, இப்போதே மைக்கில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றான்.

“சொல்லுங்க சார்,” என்றாள் அவள்.

அவனை அவள் 'நீங்க' என்றதும் சார் என்றதும் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான்.

“சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிரும். தப்ப ஒத்துக்கிட்ட மனுசன்னு நாலு பேரு மெச்சவும் மெச்சுவாங்க. நான் என்ன ஆவேன்? இங்க வந்து பொய் சொன்னவ நானுல்ல? உங்களுக்காக சொன்னேன்னு நெனைக்காதீங்க. என் வார்த்தைய நம்பி நாப்பது வீடு ஓட்டுப் போட்டுச்சு. அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியாமதான் சொன்னேன். அந்தப் பொய்ய இப்ப நீங்க ஒடைச்சிட்டுக் கார் ஏறிப் போயிருவீங்க. நான் இங்கதான் சோறு பொங்கணும்.”

போத்தல் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போய்விட்டாள். மருதப்பன் பின்னாலேயே போய் மைக்கைப் பிடித்து, உங்கள் அன்புக்கு நான் என்றும் கடமைப்பட்டவன் என்று இரண்டு நிமிடம் பேசினான். மாலையோடு போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ லைன் சங்கத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது.

சனவரியில் பதவி வந்தது. மார்ச்சில் சடையாண்டி செத்தார்.

கொள்ளி வைத்துத் திரும்பிய கையோடு லைன்காரர்கள் முத்தாயியைத் தேற்றினார்கள். தம்பி இருக்கும்போது உனக்கென்ன, உன் அறையை எவன் தொடுவான் என்றார்கள். அவளோ செவ்வாய்க்கிழமை வரிசைக்குக்கூட வரவில்லை. மருதப்பன் தானாகவே உட்கார்ந்து, லைன் அறைகளுக்குப் பொறுப்பான இலாகாவுக்குக் கடிதம் எழுதினான். ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினான். வாழ்க்கையில் எழுதிய ஆயிரம் கடிதத்தில் அவன் மூன்று முறை கிழித்துப் போட்டு எழுதியது அது ஒன்றுதான்.

பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலம். மாண்புமிகு உறுப்பினர் அவர்களே அவையில் தமது சொந்த அனுபவத்தின் மூலம் எடுத்துரைத்தபடி, முப்பது நாள் போதுமானது என்று இலாகா கருதுகிறது. உடன் அவைக் குறிப்பின் அந்தப் பக்கமும் இணைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா அந்த வரியின் கீழ் சிவப்புப் பென்சிலால், அடிமட்டம் வைத்து, நேராகக் கோடு போட்டிருந்தான். மருதப்பன் மந்திரியிடமே ஓடினான். நீ பேசியதற்கு நீயே விலக்குக் கேட்டால் எதிர்க்கட்சி சிரிக்காதா என்று மந்திரி அவனைத் திருப்பி அனுப்பினார்.

முப்பதாம் நாள் காலையில் லைன் வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. கட்டில், பானைகள், பதினோரு தூக்குகள் எல்லாம் ஏறியாயிற்று. புக்கிட் மேராவில் தங்கை அன்னம்மா வீட்டு நடையில் இடம் இருக்கிறதாம். அங்கே ஏற்கெனவே ஏழு பேர். மருதப்பன் காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அவனைக் கண்டதும் கூட்டம் சூழ்ந்தது. என்ன தம்பி, இலாகாவில் என்ன சொன்னார்கள் என்று குப்புமுத்து கேட்டார். இலாகாவின் பதில் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான்.

லாரி பக்கத்திலிருந்து முத்தாயி பதில் சொன்னாள். “தம்பி கேட்டுப் பாத்துச்சு. அவங்க முடியாதுன்னுட்டாங்க. விடுங்க.”

இந்தத் தடவை அது பொய்கூட இல்லை. அதற்காக அவன் வெட்கம் ஒரு துளியும் குறையவில்லை. கூட்டம் இலாகாவைத் திட்டிக்கொண்டே சாமான்களுக்குக் கயிறு கட்டப் போனது. அவன் அவள் அருகே போய், தலையைக் குனிந்துகொண்டு, மூன்று இரவாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னான்.

“அக்கா, எங்க வீட்டுல பின்ரூம் காலியா கெடக்கு. பிளாட் கெடைக்கிற வரைக்கும் அங்க வந்து இரு. எத்தனை மாசம் ஆனாலும் இரு. எங்கள நீ வச்சிருந்தியே, அதுக்காகவாவது.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு முத்தாயி அன்றைக்குத்தான் அவனை நேராகப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

“நான் எங்க சார் வச்சிருந்தேன்?” என்றாள் மெதுவாக. “யார் வாசல்லயும் நிக்கல, யாரும் எடம் குடுக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் என் காதால கேட்டேன். அத அங்க எழுதியே வச்சிருப்பாங்களே. குடுக்காத ஒண்ண நான் எப்படி வந்து திருப்பி வாங்கிக்கிறது?”

இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்தாள். மண்டோர் இன்னும் வரவில்லை. லாரிக்காரன் அவசரப்படுத்தினான். அவள் சாவியை மருதப்பனின் உள்ளங்கையில் வைத்து, நீங்களே கொடுத்துவிடுங்கள் சார், முப்பது நாளுக்குள் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள் என்றாள். லாரி கால்வாய்ப் பாலத்தைத் தாண்டித் திரும்பியது.

மண்டோர் பதினோரு மணிக்கு வந்தார். அதுவரைக்கும் மருதப்பன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு முத்தாயியின் வாசலில் நின்றான்.